கருங்கல்லுக்குள் சிதறும் அலைகள்: வாசகர் கேள்வி – பதில்

நிலநடுக்கப் பதிவு ஒன்றின் கடைசிப் பகுதியில் ஒழுங்கில்லாமல் நீண்டு செல்லும் சிற்றதிர்வு கருவியின் கோளாறால் வருவதில்லை என்றும், அலை பாறைக்குள் சிதறியதன் தடயமே அது என்றும், சிறு கற்துண்டுகளை வைத்து அதனை ஆய்வுகூடத்தில் ஆராய்கிறார்கள் என்றும் சென்ற இதழில் இரண்டு வரிகள் எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிகளுக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நாம் எண்ணவில்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்முறை இந்த ஒரு விடயத்துக்கே பக்கங்களை ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: கரடியனாற்றுப் பக்கம் கல் உடைக்கும் வேலை செய்கிறேன். சுத்தியலால் தட்டினால் சில பாறை மணி போல் ‘டங்’ என்று கேட்கும். சில ‘டொக்’ என்று அடங்கிவிடும். அடங்குகிற கல்லுக்குள் வெடிப்பு இருக்கிறது என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். நீங்கள் எழுதிய சிதறலும் இதுவும் ஒன்றுதானா? — கல் தொழிலாளி, கரடியனாறு

பதில்: அடிப்படை ஒன்றுதான். சந்தையில் சட்டி வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்ப்பதும், நீங்கள் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும், ஆய்வுகூடத்தில் கற்துண்டுக்குள் கழியொலியை, அதாவது காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியை, செலுத்திப் பார்ப்பதும் ஒரே குடும்பத்துச் சோதனைகள். தட்டும்போது கல்லுக்குள் ஓர் அதிர்வு புறப்படுகிறது. உள்ளே எல்லா இடமும் ஒரே தன்மையாக இருந்தால் அது எதிர்ப்பக்கம் வரை சென்று, தெறித்து, திரும்பி வந்து, மறுபடியும் போய், நெடுநேரம் ஒலிக்கும். வழியில் வெடிப்பு இருந்தால் அலையின் ஒரு பகுதி அந்த இடத்தில் திசை மாறிப் பல பக்கமும் பிரிந்துபோகிறது. இதுவே சிதறல். வெடிப்பின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசும்போது இன்னொரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. இதனை உறிஞ்சல் என்கிறோம். உங்கள் காதுக்கு இரண்டும் சேர்ந்து ‘டொக்’ என்று கேட்கின்றன.

ஆய்வாளருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவதே பெரிய வேலை. சிதறிய சக்தி கல்லுக்குள்ளேயே அலைந்து பின்னர் வந்து சேரும். உறிஞ்சப்பட்ட சக்தி திரும்பி வராது. நேரே வந்த அலை மெலிந்திருப்பதை மட்டும் பார்த்து அதற்கு எது காரணம் என்று சொல்ல முடியாது. பின்னால் நீண்டு வரும் சிற்றதிர்வையும், அதாவது அலையின் வாலையும், சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குச் சரிவரும். மழை பெய்த மறுநாள் அதே கல் வேறு விதமாக ஒலிப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். நீர் புகுந்த வெடிப்பு, காற்று நிறைந்த வெடிப்பைப் போல் நெட்டாங்கு அலையை (செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அசையும் அலையை) அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் அந்த நீரே அசைந்து உறிஞ்சலைக் கூட்டிவிடும். அதனால்தான் ஆய்வுகூடத்தில் கற்துண்டை முதலில் அடுப்பில் வைத்து உலர்த்தி அளக்கிறார்கள்; பின்னர் நீரில் ஊறவைத்து மறுபடியும் அளக்கிறார்கள். உங்கள் மூத்தவர்களின் காது நல்ல கருவிதான். அந்தக் கருவிக்கு எண்ணிக்கை சொல்லத் தெரியாது, அவ்வளவே.

கேள்வி: உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல்லை ஆராய்ந்து, நூறு கிலோமீற்றர் ஆழத்தில் நடப்பதைச் சொல்லலாம் என்பது எனக்கு ஏற்றுக்கொள்ளக் கூடியதாக இல்லை. அளவே பொருந்தவில்லையே? — ஆசிரியர், சம்மாந்துறை

பதில்: ஐயம் நியாயமானது. ஆனால் சிதறலைப் பொறுத்தவரை, இடையூறு எவ்வளவு பெரியது என்பதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அலைநீளத்தோடு ஒப்பிடும்போது அது எவ்வளவு பெரியது என்பதே கேள்வி. கல்லடிப் பாலத்தின் தூண்களை நினைத்துப் பாருங்கள். வாவியில் காற்று எழுப்பும் சிற்றலைகள் தூணில் மோதிக் கலைந்துபோகும். தூணின் நிழலில் நீர் சற்று அமைதியாகவே இருக்கும். முகத்துவாரம் திறந்திருக்கையில் மெதுவாக ஏறி இறங்கும் நீரோ, தூண் ஒன்று அங்கே இருப்பதையே அறியாததுபோல் கடந்துவிடும். தூணில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது அலைநீளம்.

இதையே எண்களில் பார்ப்போம். கிரனைட்டில் நெட்டாங்கு அலையின் வேகத்தைச் செக்கனுக்கு 5 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுகூடத்தில் 500 கிலோ ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள, அதாவது செக்கனுக்கு ஐந்து இலட்சம் முறை அதிரும் அலையைச் செலுத்தினால் அதன் அலைநீளம் 10 மில்லிமீற்றர். அந்தக் கல்லிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தின் மணிகள் 3 மில்லிமீற்றர் அளவானவை என்றால், அலைநீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இனி எல்லா நீளத்தையும் ஒரு இலட்சம் மடங்கு பெரிதாக்குங்கள். அலைநீளம் 1 கிலோமீற்றராகும். மணி 300 மீற்றர் அகலமுள்ள பாறைத் திணிவாகும். 30 சென்ரிமீற்றர் நீளமான கற்துண்டு 30 கிலோமீற்றர் தடிப்புள்ள புவியோடாகும். மீடிறன் 5 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அண்மையில் நிகழும் சிறு நிலநடுக்கங்களின் அலைகள் புவியோட்டில் பயணம் செய்வது ஏறத்தாழ இந்த மீடிறனில்தான். ஆக, ஆய்வுகூடத்துக் கல் புவியோட்டின் சிறு உருவமாகி விடுகிறது.

இந்த விகிதத்தை வைத்து மூன்று நிலைகளைப் பிரிக்கிறார்கள். அலைநீளம் மணியை விட மிகப் பெரிதாக இருந்தால் சிதறல் மிகக் குறைவு. ஆனால் மீடிறனை இரட்டித்தால் சிதறும் சக்தி 16 மடங்காகும், ஏனெனில் அது மீடிறனின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான றேலி விதிதான் இங்கேயும் வேலை செய்கிறது. அலைநீளம் சிறிதாகச் சிறிதாக, அது மணியின் ஆரையைப் போல் ஆறு மடங்கு என்ற நிலைக்கு வரும்போது சிதறல் கடுமையாகிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டு ஏறத்தாழ இந்த நிலையில் நிற்கிறது. அலைநீளம் மணியை விட மிகச் சிறிதானால் அலை ஒளிக்கதிர் போல் வளைந்து வளைந்து செல்லும். பெரும்பகுதி முன்னோக்கியே போகும்.

உங்கள் ஐயத்தில் ஒரு பகுதியை நானும் ஏற்றுக்கொள்கிறேன். அலையின் வடிவவியல் இப்படி அழகாக அளவு மாறினாலும், உறிஞ்சல் அதே விதியில் அளவு மாறுவதில்லை. வெடிப்புக்குள் நீர் நகர எடுக்கும் நேரத்துக்கு, நாம் ஒரு இலட்சம் மடங்கு பெருக்கிக்கொண்டோம் என்பது தெரியாது. எனவே சிதறலைப் பற்றிக் கல் சொல்வதைப் புவியோட்டுக்குக் கொண்டு செல்லலாம். உறிஞ்சலைப் பற்றிச் சொல்வதை அப்படியே கொண்டுசெல்லக் கூடாது. இந்த எச்சரிக்கையை மறந்து எழுதப்படும் கட்டுரைகள் உண்டு.

கேள்வி: கல்லுக்குள் செல்லும் அலையை எப்படி அளக்கிறார்கள்? செயன்முறையை விளக்கமாக எழுத முடியுமா? — உயர்தர பௌதிகவியல் மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: கற்துண்டை முதலில் வைரப்பல் வாளால் கனசதுரமாகவோ உருளையாகவோ வெட்டி, முகங்களைத் தேய்த்துச் சமதளமாக்குவார்கள். ஒரு முகத்தில் பீசோ மின் தகடு ஒன்றை ஒட்டுவார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் தடிப்பு மாறும் பீங்கான் வகை அது. ஒரு மெகா ஹேர்ட்ஸில் அதிர வேண்டுமானால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். அதற்கு ஒரு குறுகிய மின்துடிப்பைக் கொடுத்ததும் கல்லுக்குள் அலை புறப்படும். 30 சென்ரிமீற்றரைக் கடக்க அதற்கு 60 மைக்ரோ செக்கன் போதும். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரம் முறைக்கு மேல் போய்விடலாம்.

பெறும் பக்கத்திலும் அதே மாதிரித் தகட்டை ஒட்டுவது பழைய முறை. இன்றும் பெரும்பாலான இடங்களில் அதுவே நடக்கிறது. வெறும் வேகத்தை அளக்க அதுவே போதும். ஆனால் சிதறலை ஆராய்பவருக்கு அதில் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. தகட்டுக்கே சொந்த அதிர்வு உண்டு. கல்லின் வால் எது, தகட்டின் வால் எது என்று பிரிக்க முடியாமல் போகும். தகட்டின் அகலம் 5 அல்லது 10 மில்லிமீற்றர்; அதாவது ஓர் அலைநீளத்தை நெருங்கும் பரப்பு முழுவதையும் அது கூட்டிச் சராசரி எடுத்துவிடும்; நாம் தேடும் நுணுக்கமான வேறுபாடு அந்தச் சராசரியில் கரைந்துபோகும். மூன்றாவது, ஒவ்வொரு முறையும் கழற்றி ஒட்டும்போது பசையின் தடிப்பு மாறும். மாணவப் பருவத்தில் ஒரே கல்லை ஒரே நாளில் நான்கு முறை அளந்து நான்கு விதமான வீச்சம் கிடைத்து, கல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. குறை என் பசையில்.

லேசர் டொப்ளர் அதிர்வுமானி இந்தத் தொல்லைகளைத் தீர்த்தது. கல்லின் மேற்பரப்பில் ஒளியைத் தெறிக்கவிடும் மெல்லிய படலத்தை ஒட்டி, அதன்மேல் லேசர்க் கற்றையை விழச்செய்கிறார்கள். மேற்பரப்பு அசையும்போது தெறித்து வரும் ஒளியின் மீடிறன் சற்றே மாறுகிறது. இரயில் நெருங்கும்போது அதன் ஊதல் கூர்மையாவது போன்ற டொப்ளர் விளைவுதான். அந்த மாற்றத்திலிருந்து மேற்பரப்பின் வேகத்தைக் கணிக்கலாம். கல்லை எதுவும் தொடுவதில்லை. அளக்கும் இடமோ ஒரு புள்ளி. கற்றையைச் சற்று நகர்த்தினால் அடுத்த புள்ளி. வயல் முழுவதும் நாற்று நட்டதுபோல் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் அளக்கலாம். யப்பானின் புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஒசாமு நிஷிசாவாவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சீரல்லாத பாறைகளை இந்தக் கருவியால் ஆராய்ந்து 1997 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம்.

மேற்பரப்பின் அசைவு நனோமீற்றர் அளவில்தான் இருக்கும். கருவியின் இரைச்சலுக்குள் அது மூழ்கிவிடும். அதற்கும் எளிய வழி உண்டு. ஒரே துடிப்பை மீண்டும் மீண்டும் செலுத்தி, பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். கல்லின் பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றே. இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு. 1,024 முறை கூட்டினால் இரைச்சலுக்கு எதிரே குறி 32 மடங்கு தெளிவாகும். வர்க்கமூல விதி என்று உங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். உண்மையான நிலநடுக்கத்தை 1,024 முறை திரும்ப நிகழ்த்தச் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்துக்குரிய பெரிய வசதி இது.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை ஒன்று உண்டு. அலை புறப்படும் இடத்திலிருந்து சமதூரத்தில், ஒரு வட்டத்தின் மேல் பல புள்ளிகளைக் குறித்து ஒவ்வொன்றிலும் அளக்கிறார்கள். அலுமினியக் கட்டியில் இதைச் செய்தால் எல்லாப் பதிவுகளும் அச்சில் வார்த்தவை போல் ஒன்றாயிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் ஒரு கோடுதான் தெரியும். நுண்மணிக் கிரனைட்டில் முதல் மேடு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும். பின்னர் சிறு சிறு வேறுபாடுகள் தோன்றும். பருமணிப் பாறையில் முதல் மேடே முன்பின்னாகும், உயரமும் மாறும், அதன் பிறகு வருவன ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலக் கலைந்து கிடக்கும். தூரம் ஒன்று, கல் ஒன்று, துடிப்பு ஒன்று. ஆனாலும் பதிவுகள் பல. எல்லாவற்றையும் சராசரி எடுத்தால் கலைந்த பகுதிகள் ஒன்றையொன்று அழித்து, நேரே வந்த அலை மட்டும் மிஞ்சும். சராசரியிலிருந்து ஒவ்வொரு பதிவும் எவ்வளவு விலகுகிறது என்பதே அந்தக் கல்லின் சிதறல் வலுவைக் காட்டும் அளவு. மீடிறனைக் கூட்டக் கூட்ட அந்த விலகல் வளர்வதையும் கண்ணாலேயே பார்க்கலாம்.

நிலநடுக்கப் பதிவை வாசிப்பவருக்கு இதில் ஒரு கண்டிப்பான பாடம் இருக்கிறது. ஒரே ஒரு நிலையத்தின் பதிவில், முதல் அலைக்குப் பின்னால் தெரியும் ஒவ்வொரு மேட்டையும் ஆழத்திலுள்ள ஓர் அடுக்கின் தெறிப்பு என்று விளக்கிவிட ஆசை வரும். அந்தக் கல்லுக்குள் அடுக்கே இல்லை என்பது வெட்டிப் பார்த்தவருக்குத் தெரியும்; ஆனாலும் மேடுகள் வந்தன. அயல் நிலையங்களிலும் அதே மேடு ஒழுங்காக நகர்ந்து வந்தால் மட்டுமே அதனை அடுக்கு என்று நம்பலாம்.

கட்டியின் பக்கச் சுவர்களில் தெறித்து வரும் அலைகள் வாலோடு கலந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அவை வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு முன்பாகவே பதிவை வெட்டிக்கொள்வார்கள். அதனால்தான் இந்த வேலைக்கு இயன்றவரை பெரிய கல்லைத் தேடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் மாவட்டக் கருங்கல் இப்படிப்பட்ட பரிசோதனைக்கு ஏற்றதா? — காத்தான்குடி வாசகர்

பதில்: ஏற்றது, ஆனால் சற்றுக் குறும்பான கல். இங்கே நாம் கருங்கல் என்று அழைப்பதில் பெரும்பகுதி நைஸ் என்னும் உருமாறிய பாறை. இலங்கையின் கிழக்கே பரந்துள்ள விஜயன் தொகுதியைச் சேர்ந்தது. மேற்கே மத்திய மலைநாட்டை உள்ளடக்கிய உயர்நிலத் தொகுதி அதனைச் சந்திக்கிறது. புதிதாக உடைத்த துண்டு ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள்: வெளிர் நிறமான குவாட்ஸும் பெல்ஸ்பாரும் ஒரு பட்டை, கறுத்த ஹோர்ன்பிளெண்டும் பயோற்றைற்று மைக்காவும் மறு பட்டை என்று பன்பாயின் கோடுகள் போல் மாறி மாறி வரும். பட்டையின் வழியே செல்லும் அலை விரைவாகவும் பட்டைகளைக் குறுக்கே கடக்கும் அலை மெதுவாகவும் போகும். குறுக்கே போகையில் ஒவ்வொரு எல்லையிலும் சிறிது தெறிப்பும் நிகழும். ஆகவே மேலே சொன்ன வட்டப் பரிசோதனையை நைஸில் செய்தால், பதிவுகள் வேறுபடுவது மணிகளாலா, பட்டைகளின் திசையாலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பட்டைக்கு இணையாக ஒன்றும் செங்குத்தாக ஒன்றுமாக இரண்டு கட்டிகள் வெட்டிக்கொள்வது உத்தமம். கிறவலுக்கடியில் நெடுநாள் கிடந்து உக்கிய கல்லைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: கலைந்து கிடக்கும் வாலினால் என்ன பயன்? முதலில் வரும் அலையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாமே? — வாழைச்சேனை வாசகி

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் விட்டுவிட்டார்கள். கெய்தி அகி என்ற யப்பானிய அறிஞர் 1969 இல், அண்மை நிலநடுக்கங்களின் வால் பகுதி, சூழவுள்ள எண்ணற்ற இடையூறுகளில் சிதறித் திரும்பும் அலைகளின் கூட்டம் என்று எடுத்துக்காட்டினார். 1975 இல் பேர்னார் சூவேயுடன் சேர்ந்து அதனை விரிவாக்கினார். ஒரு பிரதேசத்தில் நிலநடுக்கம் எங்கே நிகழ்ந்தாலும், போதிய நேரம் கடந்த பின்னர் வால் அடங்கும் விதம் ஒன்றாகவே இருப்பதை அவர்கள் கண்டார்கள். நேரே வரும் அலை அது வந்த ஒரு பாதையைப் பற்றி மட்டுமே சொல்லும். வாலோ பிரதேசம் முழுவதையும் சுற்றித் திரிந்து வருகிறது. அமெரிக்காவின் மொன்ரானாவில் பரந்த நிலத்தில் பதித்த பதிவுக்கருவி வரிசையின் தரவுகளைக்கொண்டு, 1973 இல் அகி நேரே வரும் அலையின் ஏற்ற இறக்கங்களையும் ஆராய்ந்தார். அங்கே நிலத்தடியில் வேகம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் இடைவெளிகளில் 4 சதவீதம் வரை மாறுபடுவதாக முடிவு கிடைத்தது. அந்த முடிவை வெட்டிப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. அதற்காகவே, உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த கல் தேவைப்படுகிறது: மணிகளை நுண்காட்டியில் அளந்துகொண்டு, பின்னர் அலையை மட்டும் பார்த்து மணியின் அளவைச் சொல்ல முடிகிறதா என்று கணக்கீட்டு முறையைப் பரீட்சிக்கலாம்.

வாலுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அது நுண்ணிய மாற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கல்லில் அலைவேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மைக்ரோ செக்கனில் வரும் முதல் அலை 0.01 மைக்ரோ செக்கனே பிந்தும். யாரும் கண்டுபிடிக்க முடியாது. 100 மைக்ரோ செக்கனில் வரும் வால் அலை உள்ளே பத்து மடங்கு தூரம் அலைந்திருப்பதால் 0.1 மைக்ரோ செக்கன் பிந்தும். முன்பு எடுத்த பதிவோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும். ரோயல் ஸ்னைடரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002 இல் கிரனைட் துண்டு ஒன்றைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி, இந்த முறையால் வேக மாற்றத்தை அளந்து காட்டினார்கள். கலைந்த வால் என்று நாம் சொன்னாலும், கல் மாறாதிருக்கும்வரை அந்தக் கலைசல் எத்தனை முறை அளந்தாலும் அச்சொட்டாக ஒன்றாகவே வரும். ஒப்பீடு நிற்பது அதன்மேல்தான். இப்போது எரிமலைகளிலும் கொங்கிறீற்றுக் கட்டடங்களிலும் இதே உத்தி பயன்படுகிறது.

கேள்வி: 2004 டிசெம்பர் 26 காலை நிலம் நடுங்கியதை எங்கள் வீட்டில் எவரும் உணரவில்லை. உணர்ந்திருந்தால் ஓடியிருப்போம். அந்த அலை எங்களிடம் வரவே இல்லையா? — கல்முனை வாசகர்

பதில்: வந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் தொடங்கியது அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59 அளவில். எமது கரையிலிருந்து ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர். முதன்மை அலை மூன்றரை நிமிடத்தில், ஏழு மணி கழிந்து இரண்டு நிமிடமளவில், கல்முனைக்கு அடியில் கடந்துவிட்டது. கடல் வர அதன் பின்னர் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. மனித உடல் நன்றாக உணர்வது செக்கனுக்குப் பல முறை அதிரும் விரைந்த அதிர்வை. அத்தகைய உயர் மீடிறன் பகுதிதான் நெடுந்தூரப் பயணத்தில் முதலில் சிதறி, உறிஞ்சப்பட்டு, தேய்ந்துபோகிறது. மிஞ்சி வருவது பெருமூச்சு விடுவது போன்ற மெதுவான அசைவு; பலருக்கு அது புலப்படாது. கருவிக்குப் புலப்படும். கண்டிக்கு அருகே பல்லேகலையில் 2000 ஆம் ஆண்டு முதல் பதிவு நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. பின்னர் அம்பாறை மாவட்டத்தில் புத்தங்கலை உட்பட வேறு நிலையங்களையும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் அமைத்தது. உடல் உணரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று கொள்ள வேண்டாம். கரையோரத்தில் வாழ்பவர் எச்சரிக்கைக்குக் கருவியையே நம்ப வேண்டும்.

கேள்வி: சந்திரனில் நிலநடுக்கம் மணிக்கணக்காக நீடிக்கும் என்று வாசித்தேன். உண்மையா? — ஏறாவூர் மாணவன்

பதில்: மணிக்கணக்கு என்பது சிலவற்றுக்குப் பொருந்தும். 1969 நவம்பரில் அப்பலோ 12 வீரர்கள் தாம் பயன்படுத்தி முடித்த கலத்தின் மேற்பகுதியைச் சந்திரனில் விழவிட்டபோது, அங்கே வைத்த பதிவுக்கருவி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் அதிர்வைப் பதிந்தது. விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் இடித்து நொறுக்கிய மேலோட்டில் சிதறல் மிகக் கடுமை. ஆனால் நீரே இல்லாததால் உறிஞ்சல் மிகச் சொற்பம். அலை உள்ளே சிக்கி அலைகிறது, சாவதில்லை. இதற்கும் ஆய்வுகூடமே சான்று தந்தது: 1970களில் சந்திரப் பாறைத் துண்டுகளை உயர்ந்த வெற்றிடத்தில் சூடாக்கி, ஒட்டியிருந்த நுண் ஈரத்தையும் அகற்றியபோது, அதிர்வு அடங்காமல் நீடிக்கும் தன்மையைக் குறிக்கும் ‘கியூ’ எண் சில பத்துகளிலிருந்து பல ஆயிரமாக உயர்ந்தது. முதற் கேள்வியில் சிதறலையும் உறிஞ்சலையும் பிரித்துச் சொன்னோமே, அந்தப் பிரிவுக்கு இதைவிடத் துலக்கமான காட்சி கிடைக்காது.

கேள்வி: 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பக்கம் நிலம் அதிர்ந்தது. இந்த ஆய்வுகளால் அடுத்ததை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? — அக்கரைப்பற்று வாசகர்

பதில்: முடியாது. அழுத்திக்கொண்டே போகும் கல் உடைவதற்குச் சற்று முன்பு அதன் வால் மாறுவதை ஆய்வுகூடத்தில் பார்க்கிறார்கள்; ஆனால் அங்கே எந்தக் கல் எந்த இடத்தில் உடையப்போகிறது என்பது முன்பே தெரியும். புவியில் அது தெரியாது. முன்கூட்டிச் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் லேசர்க் கருவி எல்லாம் இல்லை. நாங்களே செய்து பார்க்க ஏதாவது வழி உண்டா? — மாணவர் விஞ்ஞான மன்றம், திருக்கோவில்

பதில்: இரண்டு வழி சொல்கிறேன். முதலாவது நீரில். அகன்ற தட்டு ஒன்றில் இரண்டு விரற்கடை நீர் ஊற்றி, நடுவில் களிமண் பரப்பி, அதில் ஈர்க்கில் துண்டுகளை ஒழுங்கில்லாமல் நட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில் அடிமட்டத்தால் நீரைத் தட்டி, மறு பக்கத்தில் அலை எப்படி வருகிறது என்று பாருங்கள். மேலிருந்து மின்சூளைப் பிடித்தால் தட்டின் அடியில் நிழல் தெளிவாக விழும். ஈர்க்கிலை எடுத்துவிட்டு, அதே இடங்களில் புளியங்கொட்டை அளவிலும் பின்னர் நெல்லிக்காய் அளவிலும் கூழாங்கற்களை வைத்துத் திரும்பச் செய்யுங்கள். ஈர்க்கில்களுக்கிடையே கோடாகக் கடந்த அலைமுகம், நெல்லிக்காய் அளவுக் கற்களில் துண்டு துண்டாகும். மெதுவாகத் தட்டி அலைநீளத்தைக் கூட்டினால் மறுபடியும் ஓரளவு ஒன்றுசேரும்.

இரண்டாவது கல்லில். பழைய எரிவாயு அடுப்பு மூட்டியிலோ வாழ்த்து அட்டையின் இசைப்பெட்டியிலோ பீசோ மின் துண்டு இருக்கும். இசைப்பெட்டியிலுள்ள வட்டத் தகடுகள் இரண்டை எடுத்து, ஒன்றை நல்ல கருங்கல்லிலும் மற்றதை வெடித்த கருங்கல்லிலும் ஒட்டி, ஒரே உயரத்திலிருந்து சைக்கிள் குண்டு ஒன்றை விழவிட்டு, கணினியின் ஒலிவாங்கித் துவாரம் வழியாகப் பதியுங்கள். மெகா ஹேர்ட்ஸ் கிடைக்காது. ஆனால் வால் அடங்கும் வேக வேறுபாடு திரையில் தெரியும். குண்டு துள்ளி இரண்டாம் முறை விழுவதற்கு முன்னுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குப் பசை வேண்டாம், தேன் போதும்; பெரிய ஆய்வுகூடங்களிலும் குறுக்கலையை (செல்லும் திசைக்குக் குறுக்கே அசையும் அலையை) கடத்துவதற்குத் தேன் பூசுவது வழக்கம், தண்ணீருக்கு அந்தப் பிடிப்பு இல்லை. வேலை முடிந்ததும் கல்லையும் தகட்டையும் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். மறுநாள் காலை எறும்பு வரிசையைத்தான் முதலில் அளக்க நேரிடும்.